ஏறாமையும் ஒரு வணக்கம்

மனிதன் தான் செய்யப்போகும் ஒரு செயலை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். இதைச் செய்யத் தன்னால் முடியுமா என்பது முதலாவது. இதைச் செய்யச் சட்டம் இடந்தருகிறதா என்பது இரண்டாவது. இதைச் செய்வது தகுமா என்பது மூன்றாவது. முதலிரு கேள்விகளுக்கும் "ஆம்" என்று விடை கிடைத்துவிட்டால் மூன்றாவதைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை என்று எண்ணுவோர் பலர். உடலில் வலு இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, தடுப்பார் எவருமில்லை. பிறகென்ன யோசனை என்பதே அவர்களது நியாயம். ஆனால் அறம் தொடங்குகின்ற இடமே அந்த மூன்றாவது கேள்விதான்.

இந்தக் கேள்வி, அவுஸ்திரேலியாவின் நடுவே பாலைநிலத்தில் தனித்து நிற்கும் ஒரு மலையின் அடிவாரத்தில் 34 ஆண்டுகள் வெளிப்படையாகவே நின்றது. அங்கு வந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். படித்தவர், பாமரர், செல்வர், ஏழை என்ற பேதமின்றி ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியைக் கொண்டே அதற்கு விடை கூறவேண்டியிருந்தது. அந்த மலையின் பெயர் உலுரு.

வட பிராந்தியத்திலுள்ள அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து உலுருவுக்குத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் தூரத்திலும் இது கூடியது. ஆயின் இடையிலே ஊர்களில்லை, வயல்களில்லை. ஸ்ருவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி 200 கிலோமீற்றர் சென்று, எர்ல்டண்டா என்னுமிடத்தில் மேற்கே திரும்பி, லாசெற்றர் நெடுஞ்சாலையில் மேலும் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓடவேண்டும். வழிநெடுகச் செம்மண், முள்ளென நிற்கும் புற்பற்றைகள், சவுக்கின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் இடைக்கிடையே. பெற்றோல் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தண்ணீரை வாகனத்தில் நிறைய எடுத்துக்கொண்டே புறப்படவேண்டும். இரவில் கங்காருக்களும் மாடுகளும் கட்டாக்காலி ஒட்டகங்களும் வீதியைக் கடப்பதால், பொழுதுபட்டபின் வாகனம் ஓட்டவேண்டாம் என்று பயணிகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்கால இரவிலோ உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

இந்தப் பாதையில் ஒரு வேடிக்கை உண்டு. நெடுநேரப் பயணத்தின் பின் இடதுபுறமாகத் தட்டையான உச்சியுடன் பெரிய மலையொன்று தோன்றும். முதன்முறை வருபவர்கள் பலர் அதுதான் உலுரு என்று மகிழ்ந்து, வாகனத்தை ஓரங்கட்டிப் படம் எடுப்பார்கள். உண்மையில் அது கொனர் மலை. உலுரு இன்னும் நெடுந்தொலைவில் இருக்கும். தேடிவந்த பொருள் எதுவென்று அறியாமலே அதைக் கண்டுவிட்டதாக மகிழ்வது மனித இயல்பு. இந்த உண்மை மலையைக் காண்பதில் மட்டுமல்ல, அதை நெருங்கி நின்று புரிந்துகொள்வதிலும் பொருந்தும்.

உலுரு நிலத்திலிருந்து 348 மீற்றர் உயரமும், அடியிலே 9.4 கிலோமீற்றர் சுற்றளவும் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து அதன் உச்சி 863 மீற்றர். பல கற்கள் சேர்ந்த மலைத்தொடர் அன்று. மணற்கல் வகையைச் சேர்ந்த ஒரே பாறைத்திரள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மலையாறுகள் கொணர்ந்து கொட்டிய மணலும் பரலும் இறுகிப் பாறையாகி, பின்னர் பூமியின் அசைவினால் ஏறக்குறையச் செங்குத்தாகத் திரும்பி நிற்கின்றன. பாறையின் உள்நிறம் சாம்பல். வெளியிலே காணப்படும் சிவப்பு, அதிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவேறியதால் வந்தது. விடியலிலும் அந்தியிலும் சூரிய ஒளி சாய்ந்து விழும்போது அது தணல்போலச் சிவந்து, சிறிது சிறிதாக ஊதா நிறமாக மாறும். அந்தக் காட்சிக்காகவே உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர்.

ஆயின் இது வெறும் காட்சிப்பொருளன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த நிலத்தில் வாழ்ந்துவரும் அனங்கு என்னும் ஆதிக்குடிகளுக்கு உலுரு வாழ்வின் மையம். தங்கள் முன்னோர் இந்த நிலத்தை உருவாக்கிய வரலாறு, மனிதன் எவ்வாறு நடக்கவேண்டும் என்ற ஒழுக்கம், யாருக்கு யார் என்ன முறை என்ற உறவு, நிலத்தையும் நீரையும் பேணும் அறிவு ஆகிய அனைத்தையும் சேர்த்து அவர்கள் சுக்குர்ப்பா என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அவர்களுக்கு அதுவே சட்டம், அதுவே சமயம், அதுவே கல்வி. மலையிலுள்ள குகை, வெடிப்பு, நீர்நிலை எனப் பலவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. சில இடங்கள் ஆண்களுக்கு மட்டும் உரியன; சில பெண்களுக்கு மட்டும் உரியன. அத்தகைய இடங்களைப் படம்பிடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கின்றனர். பயணிகள் ஏறிவந்த மேற்குச் சரிவோ, மாலா என்னும் முன்னோர் சடங்கின் பொருட்டு உலுருவுக்கு வந்தபோது அவர்களுள் ஆடவர் ஏறிச்சென்ற வழி. எனவே அது அவர்களுக்குப் பெரும் பொறுப்புக்குரிய பாதை.

இந்த மலையில் ஏறிய முதல் ஐரோப்பியர் வில்லியம் கொஸ் என்ற நில ஆய்வாளர். 1873ஆம் ஆண்டு யூலை மாதம் அங்கு வந்த அவர், தென் அவுஸ்திரேலியாவின் தலைமைச் செயலாளராயிருந்த சேர் ஹென்றி எயர்ஸ் என்பவரின் பெயரால் அதற்கு "எயர்ஸ் றொக்" எனப் பெயரிட்டார். அவருடன் ஏறியவர் கம்ரான் என்ற ஆப்கான் ஒட்டகக்காரர். ஏற்கெனவே பெயருள்ள மலைக்கு, அதைப் பேணுபவர்களைக் கேளாமலே இன்னொரு பெயர் வந்தது. 1993இல் இரு பெயர்களும் சேர்த்து வழங்கப்பட்டு, 2002இல் "உலுரு" என்ற பெயர் முன்னே வைக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வீதி வந்தது, விமானம் வந்தது, விடுதிகள் வந்தன. ஏறுவோர் பிடித்துக்கொள்வதற்காக 1964இல் பாறையிலே துளையிட்டுச் சங்கிலி பொருத்தினர். 1976இல் அதை மேலும் நீட்டினர். உலுருவுக்குப் போனவர் என்றால் ஏறியவர் என்றே பொருள் என்ற நிலை வளர்ந்தது. வரிசையாக ஏறும் பயணிகளைக் கீழிருந்து கண்ட அனங்கு மக்கள் "மிங்கா" என்றனர். அவர்களது மொழியில் அதற்கு எறும்புகள் என்பது பொருள்.

1985 ஒக்ரோபர் 26ஆம் திகதி ஆளுநர் நாயகம் சேர் நினியன் ஸ்ரீபன் அந்த நிலத்தின் உரிமைப் பத்திரத்தை அனங்கு மக்களிடம் கையளித்தார். நெடுங்காலப் போராட்டத்தின் பின் கிடைத்த உரிமை அது. ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. கையளித்த நிலத்தை அவர்கள் தேசிய பூங்காவாக 99 ஆண்டுகளுக்கு அரசுக்கே குத்தகைக்குக் கொடுக்கவேண்டும். பயணிகள் ஏறுவதும் தொடரவேண்டும். ஏறுதலைத் தடைசெய்வதாக அரசு முன்னர் கூறியிருந்த வாக்கு கைவிடப்பட்டது. உரிமை கையில் இருந்தும் "ஏறாதே" என்று சொல்லும் அதிகாரம் உரியவர்களிடம் இருக்கவில்லை. அவர்களால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: கேட்டுக்கொள்வது. "இது எங்கள் வழக்கப்படி தகாது, தயவுசெய்து ஏறவேண்டாம்" என்ற கருத்தில் மலையடிவாரத்தில் பலகை வைத்தார்கள். பலகைக்கு அப்பாலேயே சங்கிலியும் இருந்தது, வழியும் திறந்திருந்தது.

இங்கேதான் அந்த மூன்றாவது கேள்வி எழுகின்றது. பாலைவழியே பல மணி நேரம் வாகனம் ஓட்டிவந்த ஒருவர் அந்தப் பலகையின் முன் நிற்கிறார். ஏறும் வலு இருக்கிறது. சட்டத்தின் அனுமதி இருக்கிறது. வேண்டாம் என்று கேட்பவர்கள் கையில் தண்டனை எதுவுமில்லை. அவர் என்ன செய்யவேண்டும்?

ஏறலாம் என்று கூறுவோரின் நியாயங்களை முதலில் பார்ப்பது முறை. "சட்டம் அனுமதிக்கிறது" என்பது ஒன்று. சட்டம் மனிதனிடம் எதிர்பார்ப்பது மிகக் குறைந்த ஒழுக்கத்தையே. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "அந்த அறைக்குள் மட்டும் போகவேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அறைக்கதவு பூட்டப்படவில்லை என்பதற்காக எந்த நல்ல விருந்தாளியும் உள்ளே போவதில்லை. பூட்டு கள்வனுக்கு; சொல் பண்புள்ளவனுக்கு.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பது இரண்டாவது. இது மனத்தை எளிதில் மயக்கும் நியாயம். பணம் செலவாயிற்று, விடுமுறை செலவாயிற்று, இனியொருமுறை வரக்கிடைக்குமோ தெரியாது. ஆகவே ஏறுவது தனக்குரிய பங்கு என்று தோன்றும். ஆயின் வந்தவர் பட்ட சிரமத்துக்கு மலைக்குரியவர் கடன்காரர் அல்லர். எத்துணை தூரம் நடந்தாலும் பிறர் வளவுக்குள் ஒரு சாண் நிலமும் அதனால் நடந்தவருக்குச் சொந்தமாவதில்லை.

"எனக்கு அந்த நம்பிக்கை இல்லை; எனக்கு அது வெறும் கல்" என்பது மூன்றாவது. நேர்மையாகச் சொல்லப்படும் நியாயம் இதுவே. ஆனால் மதிப்பதற்கு நம்பவேண்டியதில்லை. வேறு சமயத்தவர் ஒருவர் ஆலயத்துக்கு வரும்போது வாசலிலே பாதணிகளைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருகிறார். மூலவரை அவர் தெய்வமாகக் கொள்வதில்லை. கும்பிடவும் மாட்டார். ஆயினும் அவர் காலணி கழற்றிய செயலைக் கண்டு அடியார்களின் உள்ளம் குளிர்கிறது. அவர் மதித்தது கல்லையன்று, அந்தக் கல்லின்முன் உருகி நிற்கும் மனிதர்களை. தன் வாசலில் பிறரிடம் எதிர்பார்க்கும் அந்த மதிப்பைப் பிறர் வாசலில் தானும் கொடுப்பதே நடுவுநிலை.

இன்னும் ஒரு வாதம் உண்டு. இயற்கை அனைவருக்கும் பொது. ஒரு கூட்டத்தார் அதை எப்படித் தமக்கென்று அடைக்கலாம்? முன்னாளில் அனங்கு மக்களிற் சிலர் தாமே பயணிகளுக்கு வழிகாட்டி ஏறியதுண்டே என்றும் கூறுவர். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆயின் அனங்கு மக்கள் எவரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள், சுற்றி நடவுங்கள், கேளுங்கள், அறிந்து செல்லுங்கள் என்றே அழைத்தனர். அடிவாரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நடைபாதை உண்டு. ஏறியவர் கண்டது காலின்கீழ்ப் பாறையும் தொலைவில் சமவெளியும். சுற்றி நடந்தவர் கண்டதோ குகை ஓவியங்களையும், நிழலையும், நீர்நிலைகளையும். மலையைக் காணவந்தவர் மலையை நன்கு காண்பது கீழே நின்றுதான். முன்னொருகாலத்தில் சிலர் ஏறினர் என்பதால், இன்று அதற்குப் பொறுப்பானவர்கள் கேட்டுக்கொள்வது பொய்யாகிவிடுவதுமில்லை.

அனங்கு மக்கள் ஏறவேண்டாம் என்றதில் புனிதம் மட்டுமன்றி இன்னொரு காரணமும் இருந்தது. 1950கள் தொடக்கம் அந்த மலையில் ஏறமுயன்று உயிரிழந்தவர்கள் குறைந்தது 37 பேர். சரிவு கடுமையானது, காற்று பலமானது, வெயில் கொடியது. தவறி விழுந்தோரும் உண்டு; மாரடைப்பினால் மாண்டோரும் உண்டு. தம் நிலத்துக்கு வந்த விருந்தாளியின் உயிருக்குத் தாமே பொறுப்பு என்பது அனங்கு மக்களின் ஒழுக்கம். யாரோ ஓர் அந்நியர், தாம் வேண்டாம் என்று கேட்டும் கேளாமல் ஏறி மாண்டபோது, அவருக்காக அவர்கள் துயருற்றார்கள். தன் சொல்லைத் தட்டியவனுக்காகவும் வருந்துகின்ற ஒருவரின் சொல்லை, வெறும் மூடநம்பிக்கை என்று எப்படித் தள்ளுவது? மேலும் மலையுச்சியில் கழிப்பறை இல்லை. ஏறியோர் விட்டுச்சென்ற அசுத்தம் மழையில் கழுவுண்டு கீழேயுள்ள நீர்நிலைகளிற் சேர்ந்தது. ஆண்டில் ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மட்டுமே மழை காணும் அந்த நிலத்தில் விலங்குகளும் பறவைகளும் குடிப்பது அந்த நீரைத்தான்.

பின்பு நடந்ததுதான் எண்ணிப்பார்க்கத் தக்கது. 1990களில் வந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பேர் ஏறினர். 2015இல் அது ஏறத்தாழ 16 பேராகக் குறைந்தது. இந்தக் காலம் முழுவதிலும் ஏறுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டே இருந்தது. காற்றும் வெப்பமும் மிகுந்தபோது போன்ற சில வேளைகளில் தவிர வழி மூடப்படவில்லை. ஏறியவரை எவரும் தண்டிக்கவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் இருந்தது. அதைக் கேட்டவர்கள் தம் நாட்டுக்குச் சென்று பிறருக்குச் சொன்னார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஓசையின்றி மனங்கள் மாறின.

பூங்காவின் 2010ஆம் ஆண்டுத் திட்டத்திலே, ஏறுவோர் தொகை நூற்றுக்கு 20இலும் குறையுமானால் வழியை மூடலாம் என்று குறிக்கப்பட்டிருந்தது. மக்களின் மனம் முதலில் மாறட்டும், சட்டம் அதன்பின் வரட்டும் என்பதே இதன் உட்கருத்து. 2017 நவம்பர் முதலாம் திகதி, அனங்கு மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட நிருவாக சபை ஏறுதலை நிறுத்துவதென ஒருமனதாக முடிவுசெய்தது. அப்போது அதன் தலைவராயிருந்த அனங்கு முதியவர் சமி வில்சன், இது மிக முக்கியமான இடம், களியாட்டப் பூங்கா அன்று என்று விளக்கினார். நிலம் கையளிக்கப்பட்டு 34 ஆண்டுகள் நிறைந்த 2019 ஒக்ரோபர் 26ஆம் திகதி வழி நிரந்தரமாக மூடப்பட்டது. சங்கிலியும் பின்னர் அகற்றப்பட்டது.

மூடப்படுமுன் இருந்த மாதங்களில் ஏறுவதற்காக மக்கள் திரண்டு வந்தனர். இறுதி நாளில் நூற்றுக்கணக்கானோர் நீண்ட வரிசையில் நின்று ஏறினர். "இனி முடியாது" என்ற சொல், "வேண்டாம்" என்ற சொல்லைக் காட்டிலும் ஆசையைக் கிளறிவிட்டது. ஒருவகையில் அவர்களும் பரிதாபத்துக்குரியோரே. உச்சியைத் தொட்டார்கள், ஆனால் அந்தப் பாறை கேட்ட கேள்வியைத் தொடவில்லை.

இன்று உலுருவுக்குச் செல்பவர் எவரும் ஏறமுடியாது. ஏறினால் தண்டனை உண்டு. ஆகவே இன்று ஏறாதிருப்பதில் தனிப்பட்ட சிறப்பு ஏதுமில்லை. சிறப்பெல்லாம் அந்த 34 ஆண்டுகளில் வழி திறந்திருந்தபோது, சங்கிலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, எவரும் தடுக்காதபோது, மனமார நின்றுகொண்ட கால்களுக்கே உரியது. தடையினால் அடங்குவது அடக்கம். தடையில்லாதபோது அடங்குவதே பண்பு. அப்படியாயின் தடை தேவைதானா என்று கேட்கலாம். தேவைதான். நூற்றில் 84 பேர் மதித்தாலும், எஞ்சிய 16 பேரின் காலடியினால் ஒரு மக்களின் உள்ளம் நாள்தோறும் நோகுமானால் அதைக் காப்பது சட்டத்தின் கடமை. ஆனால் சட்டம் காக்கலாமேயன்றி வணங்கமாட்டாது. வணக்கம் மனிதனிடமிருந்தே வரவேண்டும்.

மலையேறுவது தன்னளவில் பிழையன்று. சிவனொளிபாத மலையில் ஏறுவதே வழிபாடு. திருக்கயிலையிலோ, அடியார்கள் மலையைச் சுற்றி வலம் வருகின்றனரேயன்றி உச்சிக்கு ஏறுவதில்லை. அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற காரைக்கால் அம்மையாரின் வரலாறு அடியார் யாவரும் அறிந்ததே. ஓரிடத்தில் ஏறுவது வணக்கம். இன்னோரிடத்தில் ஏறாமை வணக்கம். எது எவ்விடத்துக்கு உரியது என்பதை, அவ்விடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருவோரிடம் கேட்டறிவதே அறிவு.

உலுருவைப் பற்றிச் சொல்லும்போது மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. அங்கிருந்து நினைவுக்காகச் சிறு கல்லையோ ஒரு பிடி மண்ணையோ எடுத்துச் சென்றவர்கள் பலர், ஆண்டுகள் கழித்து அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகின்றனர். கூடவே மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் எழுதுகின்றனர். பூங்கா ஊழியர்கள் அவற்றை "வருத்தக் கற்கள்" என்ற பொருளில் அழைக்கின்றனர். தமக்கு நேர்ந்த தீமைக்கு அந்தக் கல்லே காரணம் என்று பயந்து அனுப்புவோரும் உண்டு. செய்தது சரியில்லை என்று உணர்ந்து அனுப்புவோரும் உண்டு. எடுக்கும்போது எவரும் காணவில்லை. திருப்பிக் கொடுக்கும்படி எவரும் கேட்கவுமில்லை. ஆயினும் ஒரு கூழாங்கல் வீட்டு அலுமாரியில் இருந்துகொண்டு உள்ளத்தை உறுத்தியிருக்கிறது. எடுத்த இடம் எதுவென்று தெரியாத கல்லை அதே இடத்தில் திரும்ப வைக்க எவராலும் முடியாது. எடுப்பதற்கு ஒரு கணம் போதும். மீட்பதற்கு ஒரு வாழ்நாளும் போதாமற் போகலாம்.

உலுருவுக்கு ஒருநாளும் செல்லப்போகாதவர்களுக்கும் இந்தப் பலகை பொருந்தும். அயலவரின் வேலிக்கப்பால், முதியவரின் பலவீனத்தின் முன்னால், வாயற்ற சீவனின் அருகில், பிறர் மதிக்கும் ஒன்றின் வாசலில், முடியும் என்பதும் தடையில்லை என்பதும் சேர்ந்து மனிதனை முன்னே தள்ளும் வேளைகள் நாள்தோறும் வருகின்றன. அப்போது ஒரு கணம் நின்று, "இது தகுமா?" என்று தன்னைத்தானே கேட்பவர் எவரோ, அவர் பாலைவழியே பயணம் செய்யாமலே அந்த மலையின் முன் நின்றவராவார்.